அமலா காட்டிய பிஞ்சு

டாக்டரம்மா,

இன்று வெள்ளனே பந்தலுக்குள் போனபோது ஒரு சௌசௌப் பிஞ்சு மண்ணில் விழுந்து கிடந்தது. காம்புப் பக்கம் கறுத்துப்போய், அமுக்கினால் நீர் கசியும் அளவுக்கு அழுகியிருந்தது. வேறு நாளாக இருந்தால் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த கொடியைப் பார்த்திருப்பேன். இன்று அதைப் பொறுக்கி, முந்தானையில் மண்ணைத் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லேசாகப் புளித்த வாசம் அடித்தது. பிஞ்சு அழுகியதற்குச் சந்தோஷப்படுகிறவள் இந்த வடகவுஞ்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் பாதிச் சந்தோஷம்தான். மீதிப் பாதிக்கு நீங்கள் வேண்டும்.

போன் போட்டுப் பார்த்தேன். "அமலா என்னைக்குக் காட்டுறாளோ அன்னைக்கு எனக்குப் போன் போடுங்கம்மா, எந்த நேரமானாலும் சரி" என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது என்று தெரிந்தேதான் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற பழக்கம் இருப்பதால் இந்த அளவுக்காவது கை ஓடுகிறது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடும். அன்று நான் பட்ட பெருமை அப்படி. என் பேத்தி அமலாவுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஒருவர் மலையில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறார் என்று பால்வாடி டீச்சர்தான் உங்களுக்கு எங்கள் வீட்டைக் கைகாட்டினார். ஆட்டிசம் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். சோதனை என்றதும் நான் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். பேத்திக்குத் தலைசீவி, ரிப்பன் கட்டி, பவுடர் பூசி உட்கார வைத்தேன். என் மருமகள் லூர்து மட்டும் உள்ளே வராமல் கதவோரம் நின்றாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

நீங்கள் பாயில் உட்கார்ந்து பையைத் திறந்தீர்கள். ஒரு பொம்மை, ஒரு குட்டிக் கார், ஒரு பந்து, ஊதினால் சோப்புக் குமிழி வருகிற ஒரு பாட்டில். "அமலா" என்று கூப்பிட்டீர்கள். அவள் திரும்பவில்லை. குமிழி ஊதினீர்கள். அவள் குமிழியைப் பார்த்தாள்; ஊதிய உங்களைப் பார்க்கவில்லை. அப்புறம் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாளாம்மா?"

"கண்டவுக கூப்பிட்டா திரும்ப மாட்டா டாக்டரம்மா. அடக்கமான பிள்ளை."

"மத்த பிள்ளைகளோட வெளையாடுவாளா?"

"தெருவுல போயி ஆடுற சோலியே கெடையாது. அவ உண்டு, அவ வேல உண்டு."

"என்ன வேல?"

"பீன்ஸ வரிசையா அடுக்குவா. ஒண்ணு கோணாது. நடுவுல ஒண்ண உருவிட்டுப் பாருங்க, வீட்டையே ரெண்டாக்கிருவா. அம்புட்டு மூளை!"

"விரல் நீட்டி எதையாச்சும் காட்டுவாளா?"

"விரலா? எம்பேத்தி ஒருநாளும் விரல் நீட்ட மாட்டா. அப்படி வளத்துருக்கேன்."

ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் பேனா ஏதோ போட்டது. எல்லாம் மார்க் என்று நினைத்துக்கொண்டேன். லூர்துவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். "நெறைய மார்க் வாங்கிட்டாள்ல?" என்று உங்களிடம் கேட்டும்விட்டேன். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றுவரை உங்களுக்குக் கடமைப்பட்டவள்.

"இந்தப் பரீட்சையில மார்க் கூடுனா சந்தோஷப்பட முடியாதும்மா" என்றீர்கள்.

கதவோரம் லூர்து அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு உடனே எதுவும் விளங்கவில்லை. நான் இத்தனை நேரம் பெருமையாகச் சொன்னதெல்லாம்தான் நீங்கள் தேடி வந்த அடையாளங்கள் என்று நீங்கள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அமலாவின் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் விரல் விஷயத்தில் மட்டும் நீங்கள் நின்றுவிட்டீர்கள். "அப்படி வளத்துருக்கேன்னா எப்படிம்மா?" என்று கேட்டீர்கள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பந்தல் போட்ட வீட்டில் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். விரலை நீட்டினால் பட்டென்று கையில் ஒரு தட்டு. என் அம்மா என்னைத் தட்டினாள், நான் என் மகனைத் தட்டினேன், அமலாவையும் நடக்கிற வயதில் தட்டியிருக்கிறேன். "நான் தட்டித் தட்டித்தான் இவ இப்படி ஆயிட்டாளா?" என்று கேட்டேன். நீங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தெரியாம நான் சொல்லக் கூடாதும்மா. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தீர்கள்.

ஆறுதலுக்கு ஒரு இல்லை சொல்லியிருக்கலாம் என்று அன்று உங்கள்மேல் எனக்குக் கோபம். நீங்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில் நீங்கள் எங்கள் ஊரில் பந்தல் இருக்கிற வீடாக ஏறி இறங்கினீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அமலா வயதுப் பிள்ளைகளைப் பந்தலுக்குள் கூட்டிப்போய், அவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்து என்னிடம், "என்ன மதினி, ஒங்க டாக்டரு எம்பேரன் மூஞ்சியில நாடியவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, மாப்பிள்ளை பாக்க வந்துச்சா?" என்று கேலி பேசினாள்.

மறுபடி வந்தபோது வாசலில் நின்றபடியே சொன்னீர்கள். உள்ளே வந்து உட்காரக்கூடப் பொறுக்கவில்லை உங்களுக்கு.

"அம்மா, இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாமே தட்டு வாங்கியிருக்கு. எதுவும் பிஞ்ச விரல் நீட்டிக் காட்டல. ஆனா எல்லாம் காட்டுது. ஒண்ணு மோவாய, அதான் நாடிய, நீட்டிக் காட்டுது, ஒண்ணு விரல மடக்கிக் காட்டுது, ஒண்ணு உதட்டக் குவிச்சுக் காட்டுது. காட்டிட்டு நம்ம மூஞ்சியப் பாக்குது. தட்டுனா விரல்தாம்மா மடங்கும், காட்டணுங்கிற ஆசை மடங்காது. அமலாகிட்ட அந்த ஆசை வர்ற வழியே வேற மாதிரி. அது அவ வயித்துல இருக்கும்போதே மூளை வளர்ற விதத்துல இருக்கு. உங்க கையால வந்தது இல்ல. லூர்து வேலைக்குப் போனதால வந்ததும் இல்ல. போன் பாத்ததால வந்ததும் இல்ல."

"அப்போ எதால?"

"முழுசா எங்களுக்கும் தெரியாதும்மா. ஒரு காரணம் இல்ல, பல. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் உங்களை நம்பினேன். உங்கள் கேள்வித்தாள் எங்கோ தூரத்தில் தயாரானது என்றும், விரல் என்று மட்டும் கேட்டால் மலைப் பிள்ளைகள் விஷயத்தில் தவறிப்போகும் என்றும், இனி நாடியையும் மடக்கிய கையையும் சேர்த்துக் கேட்கப்போவதாகவும் சொன்னீர்கள். எங்கள் பந்தலிலிருந்து ஒரு கேள்வி போனது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்குப் பெருமை அடிக்க ஏதாவது ஒன்று வேண்டும், உங்களுக்குத் தெரியும்.

கவனித்துப் பார்க்க என்னைப் பழக்கியதும் நீங்கள்தான். "அமலா இன்னைக்கு என்னைத் தேடுனா" என்று நான் சொன்னால் விடமாட்டீர்கள். "மொதல்ல பாத்ததச் சொல்லுங்க. நெனச்சத அப்புறம் சொல்லுங்க" என்பீர்கள். அவள் கதவுக்குப் போனாள், கதவைத் தொட்டாள், திரும்பி வந்தாள். அதுதான் பார்த்தது. என்னைத் தேடினாள் என்பது நான் நினைத்தது. ஆனால் அதோடு விடுகிறவரும் இல்லை. பார்த்ததை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, "ம், இப்ப நெனச்சதச் சொல்லுங்கம்மா" என்று கேட்பீர்கள். அதை எழுத மாட்டீர்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பீர்கள். வரக்காப்பி ஆறிப்போகும்.

தண்ணீர் வேண்டுமென்றால் அமலா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின்மேல் வைப்பாள். காட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று நான் குதித்தபோது நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். "இது கேக்குறதும்மா. இதுவும் நல்லதுதான். ஆனா கேக்குறது வேற, காட்டுறது வேற. அங்க பாருன்னு காட்டிட்டு நம்ம கண்ணப் பாக்கணும். அதுல அவளுக்குத் தின்னக் குடிக்க ஒண்ணும் கெடைக்காது. நம்மளோட சேந்து பாக்குறது மட்டும்தான் கெடைக்கும். அதுக்குத்தான் நான் காத்திருக்கேன்." அன்றிலிருந்து நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். பேச்சு வர வேண்டும் என்றுகூட அவ்வளவு வேண்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை அவள் எனக்கு எதையாவது காட்ட வேண்டும்.

விரல் நீட்டிப் பழக்கச் சொன்னீர்கள். பந்தலுக்குள் மட்டும் வேண்டாம் என்று நான் மறுத்தேன். "அது மூடநம்பிக்கைம்மா" என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள், "சரிம்மா, பந்தல் உங்க பொழப்பு. மாட்டக் காட்டுங்க, மேகத்தக் காட்டுங்க, பஸ்ஸக் காட்டுங்க" என்றீர்கள். அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, அவள் எதைப் பார்க்கிறாளோ அதையே நானும் பார்த்து, விரல் நீட்டி, அவள் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். விடியலிலிருந்து பொழுதடையும்வரை நீட்டினேன். பாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மதினி, மேகத்துக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கீகளா? பெருமாள்மலை அந்தப் பக்கம்னு வெரசாச் சொல்லி அனுப்புங்க!" என்பாள். நானும் விடமாட்டேன். "ஒன் வாய்க்கு வழி சொல்ல ஆளில்லையேன்னு பாக்குறேன்டி" என்பேன். நீங்கள் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, காப்பி புரையேறச் சிரித்தீர்கள்.

இன்னொரு நாள் மட்டும் உங்களோடு சண்டை போட்டேன். கீழே டவுனில் ஊசி போட்டுப் பேச்சு வரவைக்கிறார்கள் என்று யாரோ லூர்துவிடம் ஆசை காட்டியிருந்தார்கள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். இதை மாற்றுகிற மருந்து என்று நிரூபித்தது எதுவும் இல்லை; சொல்லிக்கொடுக்கலாம், பழக்கலாம், அவள் போகிற வழியிலேயே கூடப் போகலாம் என்றீர்கள். அன்றைக்குத்தான் ரத்தம் எடுக்கவும் வந்திருந்தீர்கள். லூர்து, டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற என் மகன், அமலா, மூவருடைய ரத்தமும் ஆராய்ச்சிக்கு வேண்டும்.

"இந்த ரத்தத்தால எம்பேத்திக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"இவளுக்கு ஒண்ணும் கெடைக்காதும்மா. எங்க காலத்துலயே விடை வராமப் போகலாம். எப்பவோ பொறக்கப்போற பிள்ளைக்கு உதவலாம்."

"வாய்க்கு ருசியா ஒரு பொய்யாவது சொல்லத் தெரியுதா உங்களுக்கு!" என்று கத்திவிட்டேன். மருந்தும் கிடையாது, ரத்தத்தாலும் பலன் கிடையாது என்றால் எதற்கு இந்தச் சின்னக் கையில் ஊசி? நீங்கள் பையை மூடப் போனீர்கள். லூர்துதான் சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். அமலா பிறந்ததிலிருந்து ஊர் லூர்துவை எத்தனையோ சொல்லியிருந்தது. கிரகணத்தில் வெளியே போனாள், வாயும் வயிறுமாக மூட்டை தூக்கினாள், பிள்ளையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போனாள் என்று. அவள் ஒன்றுக்கும் பதில் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"எடுங்க டாக்டர். இன்னொருத்தி வீட்டுல இந்தப் பேச்சு இல்லாம இருந்தாச் சரி."

"அப்போ என் ரத்தத்தையும் எடுங்க. பிள்ளைக்கு என் பிடிவாதம் அப்படியே இருக்கு" என்று நானும் கையை நீட்டினேன். "உங்க பிடிவாதத்துக்கு எங்க லேப் தாங்காதும்மா" என்றீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். நான் பார்த்தேன்.

அதற்கடுத்த வருடம்தான் நான் வேறொன்றையும் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற பாதையில், பந்தலுக்குப் பக்கத்துக் கல்லில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "மலை எனக்குப் பழகலம்மா, மூச்சு வாங்குது" என்றீர்கள்.

"பாத்ததச் சொல்லவா, நெனச்சதச் சொல்லவா?" என்று கேட்டேன்.

பதிலுக்குக் காத்திராமல் நானே சொன்னேன்.

"மொத வருசம் நிக்காம ஏறி வந்தீங்க. போன தடவ வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. இன்னைக்கு உக்காந்துட்டீங்க. ஸ்வெட்டர் தொளதொளன்னு தொங்குது. இதெல்லாம் பாத்தது."

உங்கள் கையில் குமிழிப் பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள். "நல்லாப் பாக்குறீங்கம்மா" என்றீர்கள். நினைத்ததைச் சொல்லச் சொல்லி அன்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "எந்திரி தாயி, காப்பி போடுறேன்" என்று கையைக் கொடுத்தேன். அதுவரை உங்களை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினீர்கள். உங்கள் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

அப்புறம் உங்கள் பைதான் வந்தது. வேறொரு சின்னப் பெண் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அதே நீலப் பை, அதே கிழிந்த ஓரம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அமலா பைக்குள் கைவிட்டுக் குமிழிப் பாட்டிலை எடுத்தாள். அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. பாயில் நீங்கள் உட்காருகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்சநேரம் நின்றாள். பிறகு போய்ப் பீன்ஸை அடுக்க ஆரம்பித்தாள். இது பார்த்தது. லூர்து அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உங்களை எங்கே வைத்தார்கள், எரித்தார்களா புதைத்தார்களா என்றுகூட நான் கேட்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைக்குப் போய் எங்கள் வீட்டுக்காரருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதே மண்ணில் உங்களுக்கும் ஒன்று ஊன்றி வைத்தேன். உங்கள் சாமி எதுவோ, கோபித்துக்கொள்ளாது.

இனி சேதிக்கு வருகிறேன். நீங்கள் பழக்கியபடியே சொல்கிறேன்.

போன வாரம், சாயங்காலம். லூர்து கூலி வேலைக்குப் போனவள் இன்னும் வரவில்லை. மேகம் இறங்கிப் பந்தல் பாதி மறைந்திருந்தது. நான் காய் பறித்துக்கொண்டிருந்தேன். அமலா கீழே உட்கார்ந்து, பறித்த காயை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தினாள். எழுந்து நின்று தலையைத் தூக்கினாள். ஒரு பிஞ்சு, கட்டைவிரல் அளவுதான், பூ இன்னும் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை மேலே எழுந்தது. மற்ற விரல்கள் மடங்கின. ஒரு விரல் நீண்டது, பிஞ்சுக்கு நேராக.

என் கை தானாக ஓங்கியது, டாக்டரம்மா. தட்டுவதற்கு. எத்தனை தலைமுறைப் பழக்கம்! பாதியில் நின்றது. எப்படி நின்றது என்று தெரியவில்லை.

அவள் திரும்பினாள். என் கையைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தாள். மறுபடி பிஞ்சைப் பார்த்தாள். மறுபடி என்னை. பிஞ்சைக் கேட்கவில்லை, பறித்துக்கொடு என்று இழுக்கவில்லை. ஓங்கிய கையைத் திருப்பி நானும் விரலை நீட்டினேன், அதே பிஞ்சுக்கு. "ஆமாத்தா, பிஞ்சு" என்றேன். இரண்டு பேரும் விரலை நீட்டியபடி மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் அவள் கையை இறக்கிவிட்டு மறுபடி அடுக்க உட்கார்ந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, அந்தப் பிஞ்சு போச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

போய்விட்டது. இன்று கையில் இருப்பது அதுதான். குளிர் தாக்கியிருக்கும், பூச்சி அடித்திருக்கும், ஒரு பிஞ்சை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். நாளைக்கு உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன டாக்டர் வருவாள். நல்ல பெண். பார்த்ததையெல்லாம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்வேன், எழுதிக்கொள்வாள். எழுதி முடித்ததும் அவள் எழுந்துவிடுவாள், அவளுக்கு அடுத்த ஊர் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ம், இப்ப நெனச்சதச் சொல்லுங்கம்மா" என்று கேட்க எனக்கு ஆளில்லை. நான் நினைத்தது என்னோடேயே இருக்கிறது.

வெயில் வந்துவிட்டது. அமலா எழுந்து வந்து பந்தலுக்கு அடியில் நிற்கிறாள், அண்ணாந்து பார்த்தபடி. கொடி முழுக்கப் பிஞ்சு தொங்குகிறது. ஒவ்வொன்றாகக் காட்டட்டும். இந்த வருடம் எனக்கு விளைச்சல் வேண்டாம்.